யார் வீட்டுப் பிள்ளை எந்தப் பட்டறைக்கு?

(அறக்கட்டளைச் சொற்பொழிவு ஒன்றின் திருத்திய அச்சு வடிவம்)



உயர்நிலைப் பள்ளி மாணவர்களைச் சில நாள்கள் ஒரு பணியிடத்துக்கு அனுப்பி, அங்கே நடப்பதைப் பார்த்தும் கூடநின்று செய்தும் பழகவைக்கும் ஏற்பாட்டைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். தொழில்திறன், வேலைவாய்ப்பு என்ற பக்கத்திலிருந்துதான் இதை வழக்கமாகப் பேசுவார்கள். நான் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். எந்தப் பிள்ளை எந்த இடத்துக்குப் போகிறது? அந்த இடத்தை முடிவு செய்வது யார்?

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளி ஏற்பாடு செய்யும் பணியிட அனுபவம் ஒரு மாணவரை அவர் வீட்டுத் தொழிலுக்கும் பெற்றோரின் அறிமுக வட்டத்துக்கும் வெளியே கொண்டுபோக வேண்டும். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற பிரிவில்லாமல் எல்லா மாணவரும் போக வேண்டும். இந்த இரண்டும் இல்லாத திட்டத்தை நாம் ஏற்கக் கூடாது. இரண்டும் இருந்தால் கேட்டு வாங்க வேண்டும்.

1

தமிழ்நாட்டில் பள்ளியையும் தொழிலையும் சேர்த்து யார் பேசினாலும் 1953 நினைவுக்கு வரும். வரத்தான் வேண்டும். அந்த ஆண்டு ராஜாஜி தலைமையிலான சென்னை மாநில அரசு, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. ஐந்து மணி நேரம் நடந்த பள்ளி மூன்று மணி நேரமாகச் சுருங்கியது. காலையில் ஒரு பிரிவு, பிற்பகலில் இன்னொரு பிரிவு. மீதி நேரத்தில் பிள்ளைகள் தங்கள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது அரசு. இருக்கிற கட்டடத்தையும் ஆசிரியரையும் வைத்துக்கொண்டே கூடுதல் பிள்ளைகளைச் சேர்த்துவிடலாம் என்ற கணக்கும் அதில் இருந்தது. எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பெரியாரும் தி.மு.க.வும் போராடினார்கள். ஆளுங்கட்சிக்குள்ளேயே கடும் எதிர்ப்பு கிளம்பியது. 1954-இல் ராஜாஜி விலகி, காமராஜர் முதல்வரானார். திட்டம் கைவிடப்பட்டது.

அந்தத் திட்டத்தின் பிழையை, பிள்ளைகளை வேலையின் பக்கம் திருப்பியதுதான் பிழை என்று மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். அதன் அமைப்பைக் கூர்ந்து பார்த்தால் இரண்டு தனித்தனிப் பிழைகள் தெரியும். ஒன்று, அது கிராமத்துக்கு மட்டும் வந்தது. நகரத்துப் பிள்ளைக்குப் பள்ளி நேரம் குறையவில்லை. இரண்டாவது, பணியிடத்தைப் பள்ளி தேடித் தரவில்லை, பிறப்பு தந்தது. குயவர் மகனுக்குச் சக்கரம், வண்ணார் மகளுக்குத் துறை, பண்ணையாள் மகனுக்கு ஆண்டையின் வயல். சாதி எந்தக் கதவை ஏற்கெனவே திறந்து வைத்திருந்ததோ, அந்தக் கதவுக்குள்ளேயே பிள்ளையைப் போகச் சொன்னார்கள். எழுபது ஆண்டுகள் கழிந்த பிறகும் அந்தக் கோபம் ஆறவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. ஆகவே, இன்று யாராவது ஒரு புதிய திட்டத்தைக் காட்டும்போது, இந்த இரண்டு பிழைகளும் அதில் இருக்கின்றனவா என்று தேடுவதையே முதல் சோதனையாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

2

1953-க்கு முன்னும் பின்னும் இதே பொருளைப் பற்றி வேறு குரல்களும் எழுந்தன. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி கூட்டிய கல்வி மாநாட்டிலிருந்து ஜாகிர் உசேன் குழு பிறந்தது. அதில் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆரியநாயகமும் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாவும் இருந்தார்கள். அவர்கள் வகுத்த ஆதாரக் கல்வியில் கைத்தொழில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது; பள்ளிக்குள்ளே, ஆசிரியரின் கண்முன்னே நடப்பது. 1966-இல் அறிக்கை தந்த கோத்தாரிக் குழு இன்னும் ஒரு படி முன்னேறி, வேலை அனுபவம் பொதுக்கல்வியின் பிரிக்க முடியாத பகுதியாக இருக்க வேண்டும் என்றது. வீடு, பள்ளி என்பதோடு வயல், தொழிற்சாலை ஆகியவற்றையும் அதற்குரிய இடங்களாகச் சொன்னது.

நடந்தது வேறு. வாரத்தில் ஒரு பாடவேளை கைத்தொழிலுக்கு ஒதுக்கப்பட்டது. தேர்வு நெருங்கும்போது கணக்கு ஆசிரியர் அதை எடுத்துக்கொண்டார். மேல்நிலை வகுப்புகளில் கதை இன்னொரு திசையில் போனது. தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது தொழிற்பிரிவும் கூடவே வந்தது. அதே ஆண்டு மால்கம் ஆதிசேசையா தலைமையிலான குழு, மேல்நிலையில் செயல்வழிக் கற்றலை வலியுறுத்தி அறிக்கை தந்தது. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 10 விழுக்காட்டினரை 1990-க்குள்ளும், 25 விழுக்காட்டினரை 1995-க்குள்ளும் தொழிற்பிரிவுக்குக் கொண்டுவர இலக்கு வைத்தது. அந்த இலக்கை நாடு எட்டவில்லை.

ஏன் எட்டவில்லை என்பதற்கு நிதி, ஆசிரியர் பற்றாக்குறை என்று பல காரணங்கள் சொல்வார்கள். அவை உண்மைதான். ஆனால் நம் ஊர்ப் பெற்றோர் கண்ட காரணம் எளிமையானது. பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தால் "வொகேஷனல் குரூப்" என்று பள்ளியே பிரித்துவிட்டது. வேலையைத் தொடும் படிப்பு, பின்தங்கியவர்களுக்கான படிப்பு என்று ஆகிவிட்டது. உயிரியல் குரூப் எடுத்த பிள்ளை எந்தப் பட்டறையையும் பார்க்காமலே பொறியாளராகவும் மருத்துவராகவும் ஆகலாம் என்றும், பொது இயந்திரவியல் எடுத்த பிள்ளை மட்டும் பட்டறைக்குப் போனால் போதும் என்றும் இருந்தால், அந்தப் பட்டறையின் மதிப்பு என்னவாகும்? 1953-இல் கிராமம், நகரம் என்று இருந்த கோடு 1978-க்குப் பின் குரூப்புகளுக்கு நடுவே விழுந்தது.

3

இன்றைய நிலைக்கு வருகிறேன். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் பத்து நாள் புத்தகப் பையில்லாக் காலம் ஒன்றைச் சொல்கிறது. அந்த நாள்களில் பிள்ளைகள் உள்ளூர்த் தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர் போன்றோரிடம் பயில வேண்டும் என்கிறது. தச்சரையும் குயவரையும் ஆசிரியராக மதிப்பதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் பதினொரு, பன்னிரண்டு வயதில் இது தொடங்குவதும், எடுத்துக்காட்டுகள் எல்லாம் நம் ஊரில் சாதியோடு பிணைந்த கைத்தொழில்களாக அமைவதும், யார் எங்கே போவது என்பதை உள்ளூருக்கே விட்டுவிடுவதும் எனக்குக் கவலை தருகின்றன. ஒரு கிராமத்தில் "உள்ளூரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் என்ன நடக்கும் என்று இங்கே இருக்கும் தலைமையாசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பகுதியினருக்கு வேலை அனுபவம் இல்லாமல் இல்லை. பள்ளிப்பாளையம், குமாரபாளையம் பக்கம் போனால், விசைத்தறிக் குடும்பத்துப் பையன் தார் சுற்றத் தெரிந்தே வளர்கிறான். செங்கல் சூளைக் குடும்பத்துப் பெண் கல் அடுக்குகிறாள். வேளாண் குடும்பங்களில் கேட்கவே வேண்டாம். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை எல்லா வேலைகளிலிருந்தும் விலக்கியது. அதே சமயம் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு வழியைத் திறந்து வைத்தது. அந்த வழியாக இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டிய அளவுக்கு மேலேயே வேலை அனுபவம் கிடைத்துவிடுகிறது.

அப்படி வளர்ந்த ஒரு மாணவனிடம், "தறியைத் தவிர வேறு எந்த வேலை நடக்கிற இடத்துக்குள்ளாவது போயிருக்கிறாயா, தம்பி?" என்று கேட்டேன். "ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கேன் சார், பாட்டியைச் சேர்த்தப்போ" என்றான். நோயாளியின் உறவினனாகப் போயிருக்கிறான். அந்தக் கட்டடத்துக்குள் எத்தனை விதமான வேலைகள் நடக்கின்றன, இரத்தப் பரிசோதனை செய்பவர் என்ன படித்தார், எக்ஸ்ரே எடுப்பவருக்கு என்ன தகுதி வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிய வழியே இல்லை. மறுபக்கம், நகரத்தில் தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளை, தன் வீட்டு மின்விசிறியின் மோட்டார் எந்த ஊரில், எவர் கையால் சுற்றப்படுகிறது என்று அறியாமல் பள்ளியை முடிக்கிறது. ஒருவனுக்கு ஒரே வேலை மட்டும் தெரியும். இன்னொருவருக்கு எந்த வேலையும் தெரியாது. இருவருக்கும் தேவைப்படுவது தங்கள் வீட்டில் இல்லாத ஒரு பணியிடம்.

4

இடத்தைப் பெற்றோர் தேடட்டும் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து நல்ல சான்று. அங்கே 14 முதல் 16 வயது வரையிலான மாணவர்களுக்கு வேலை சார்ந்த கற்றல் 2004-இல் சட்டக் கடமையானது. பெரும்பாலான பள்ளிகள் ஓரிரு வாரம் மாணவர்களைப் பணியிடங்களுக்கு அனுப்பின. வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளைக்கு அப்பாவின் நண்பரது சட்ட அலுவலகத்தில் இடம் கிடைத்தது. யாரையும் தெரியாத வீட்டுப் பிள்ளை தெருமுனைக் கடையில் பொருள் அடுக்கியது. ஏற்றத்தாழ்வைக் குறைக்க வேண்டிய ஏற்பாடு அதை இன்னும் இறுக்கியது. 2011-இல் தொழிற்கல்வி பற்றி வந்த உல்ஃப் அறிக்கைக்குப் பின் அந்தச் சட்டக் கடமையே நீக்கப்பட்டது.

ஜப்பானின் ஹியோகோ மாநிலம் வேறு வழியில் சென்றது. 1995-இல் கோபே நகரை நிலநடுக்கம் சிதைத்தது. 1997-இல் அதே நகரில் பதினான்கு வயது மாணவன் ஒருவன் செய்த கொலைகள் நாட்டையே உலுக்கின. பிள்ளைகளுக்கும் ஊருக்கும் இடையே ஏதோ அறுந்துவிட்டது என்று அங்கிருந்தவர்கள் உணர்ந்தார்கள். 1998 முதல் "டிரையாரு வாரம்" என்ற திட்டம் நடக்கிறது. நடுநிலைப் பள்ளியின் இரண்டாம் ஆண்டில், அதாவது நம் எட்டாம் வகுப்புக்கு ஈடான வகுப்பில், அரசுப் பள்ளி மாணவர் அனைவரும் சுமார் ஐந்து நாள் வகுப்பறையை விட்டு வெளியே போகிறார்கள். கடை, மழலையர் பள்ளி, தீயணைப்பு நிலையம், பண்ணை, மருத்துவமனை என்று இடங்கள் பலவகை. இடம் தேடுவதில் பள்ளியோடு ஊர்க்குழுவும் கைகொடுக்கிறது. ஆசிரியர்கள் இடம் இடமாகச் சுற்றி வந்து பிள்ளைகளைப் பார்க்கிறார்கள்.

ஹியோகோவை அப்படியே இங்கே நட்டுவிட முடியாது. அங்கே நம் ஊரைப் போன்ற சாதி அமைப்பு இல்லை, வகுப்பில் அறுபது பிள்ளைகள் இல்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: அங்கே நன்றாகப் படிப்பவர், படிக்காதவர் என்ற பிரிவில்லை. முழு வகுப்பும் போகிறது. அதனால் போவதில் யாருக்கும் கூச்சம் இல்லை.

5

இங்கேயும் ஐந்து நாள் என்று வைத்தால், அதில் ஒரு பிள்ளை என்ன கற்றுவிடும் என்று கேட்பார்கள். கடைசல் பிடிக்கக் கற்காது. ஊசி போடக் கற்காது, கற்கவும் கூடாது. அப்படியானால் எதற்கு? ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். நம் ஊர்களில் பரவலாக இருக்கும் பால் கூட்டுறவுச் சங்கம் அது.

விடியற்காலையில் உறுப்பினர்கள் கேனும் தூக்குமாகப் பால் கொண்டுவருகிறார்கள். ஒவ்வொருவர் பாலிலிருந்தும் மாதிரி எடுக்கிறார்கள். லாக்டோமீட்டர் மிதக்கிறது, அதன் அளவு பாலின் வெப்பநிலைக்கேற்ப மாறும் என்பதால் திருத்தம் போடுகிறார்கள். கொழுப்பைப் பார்க்க முன்பெல்லாம் கந்தக அமிலம் ஊற்றி, குழாயை மையவிலக்குக் கருவியில் சுழற்றுவார்கள். இன்று பல சங்கங்களில் மின்னணுக் கருவி சொல்லிவிடுகிறது. கொழுப்பும், கொழுப்பு நீங்கிய திடப்பொருளும் தெரிந்தால்தான் விலை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அடர்த்தியையும் மிதப்பையும் புத்தகத்தில் படித்திருக்கிறது. இங்கே அந்த அடர்த்தி ஒரு பெண்ணின் அன்றைய வருமானமாக நிற்கிறது. "நேத்து நாலு ரெண்டு போட்டீங்க, இன்னைக்கு மூணு எட்டுன்னா எப்படிங்க?" என்று அவர் கேட்கிறார். சங்கச் செயலர் பதில் சொல்ல வேண்டும். கறவையின் தீவனம் மாறியதா, கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டதா, கருவியில் கோளாறா? அளவு என்பது ஒருவரின் பணத்தையும் மானத்தையும் தொடுவது என்று அந்தப் பிள்ளை கண்ணால் பார்க்கிறது. பிறகு குளிரூட்டும் தொட்டி. பாலை நான்கு டிகிரிக்குக் கொண்டுவராவிட்டால் என்ன ஆகும்? மின்சாரம் போனால் ஜெனரேட்டரை யார் போடுகிறார்கள்? மாலையில் கணக்குப் புத்தகம், பத்து நாளுக்கொரு பட்டுவாடா. உயிரியலும் வேதியியலும் வணிகவியலும் கூட்டுறவுச் சட்டமும் அந்தச் சிறிய கட்டடத்துக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன.

இப்போது என் வாதத்தை இதில் பொருத்துகிறேன். மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளையை அந்தச் சங்கத்துக்கு அனுப்ப வேண்டாம். அது தினமும் பார்ப்பதுதான். அந்தப் பிள்ளை ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஆய்வகத்துக்கோ துணை மின்நிலையத்துக்கோ அச்சகத்துக்கோ வங்கிக்கோ போகட்டும். வங்கி மேலாளரின் மகள் பால் சங்கத்துக்கு வரட்டும். பத்தாம் வகுப்பு முடித்து "எந்த குரூப் எடுக்கலாம்?" என்று நிற்கும்போது, இருவருக்கும் முன்னால் இருக்கும் உலகம் முந்தைய ஆண்டைவிடப் பெரியதாக இருக்கும்.

இதோடு இன்னொன்றும் நடக்கிறது. நம் பிள்ளைகள் உறவினர், ஆசிரியர் தவிர வேறு பெரியவர்களோடு பேசிப் பழகியதே இல்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் போய், "சார், இது எதுக்கு இப்படிப் பண்றீங்க?" என்று கேட்கும் துணிவு, பின்னால் நேர்காணலில் உட்காரும்போது வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இருக்கிறது, மற்றவருக்கு இருப்பதில்லை. அது பிறவிக் குணமென்று பலர் நினைக்கிறார்கள். பழக்கத்தால் வருவது அது.

6

பயிற்சி என்ற பெயர் எப்படிச் சுரண்டலுக்குத் திரையாகும் என்பதைக் கொங்கு மண்டலமும் திண்டுக்கல்லும் நமக்குக் காட்டியிருக்கின்றன. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், ஏழைக் குடும்பங்களின் வளரிளம் பெண்களைப் பஞ்சாலை விடுதிகளில் அடைத்து, பயிற்சியாளர் என்று பெயரிட்டு, குறைந்த கூலிக்கு வேலை வாங்கி, மூன்று ஆண்டு முடிந்தால் திருமணத்துக்கு மொத்தத் தொகை என்று ஆசை காட்டினார்கள். அந்த அனுபவம் இருக்கிற மண்ணில், மாணவரைப் பணியிடத்துக்கு அனுப்புவது பற்றிப் பேசும் எவரும் காவல் ஏற்பாடுகளை முதலில் சொல்ல வேண்டும்.

அந்த ஐந்து நாளில் மாணவரால் உரிமையாளருக்கு எந்த உற்பத்தி லாபமும் இருக்கக் கூடாது. ஓடும் இயந்திரத்தில் கை வைக்கக் கூடாது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே இளம் வயதினரையும் ஆபத்தான இயந்திரங்களையும் பற்றிக் கண்டிப்பாகப் பேசியது. பட்டாசு, தீப்பெட்டி, சாயப்பட்டறை, கல்குவாரி பட்டியலிலேயே வரக் கூடாது. ஓரிடத்துக்கு இருவருக்குக் குறையாமல் போக வேண்டும். மாணவிகள் போகும் இடத்தில் பொறுப்பில் ஒரு பெண் இருக்க வேண்டும். ஆசிரியர் நாள்தோறும் ஒருமுறை நேரில் வர வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட அனைவரையும் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தைப் பற்றிப் பணியிடத்தில் இருப்பவர்களுக்கு எடுத்துச் சொல்லிய பிறகே பிள்ளைகள் உள்ளே போக வேண்டும்.

மாணவிகளைத் தையலுக்கும் செவிலியத்துக்கும், மாணவர்களை லேத்துக்கும் மின்சாரத்துக்கும் என்று பிரிப்பதை நம் தொழிற்பிரிவு நீண்ட காலமாகச் செய்து வந்திருக்கிறது. பாதுகாப்பைக் காரணம் காட்டி அதைத் தொடர நான் உடன்பட மாட்டேன். பட்டறையைப் பெண்பிள்ளைக்குப் பாதுகாப்பானதாக ஆக்குவது பெரியவர்களின் பொறுப்பு.

7

இனி நடைமுறை. ஒன்பதாம் வகுப்பே சரியான காலம். பலருக்குப் பதினான்கு வயது நிறைந்திருக்கும். பத்தாம் வகுப்பின் தேர்வு நெருக்கடி இல்லை. குரூப் தேர்வுக்கு முன்னால் யோசிக்க ஓராண்டு இருக்கிறது. அரையாண்டுத் தேர்வுக்குப் பின், ஜனவரியில் வைத்தால் வெயிலும் இல்லை.

தடையாக நிற்பவை சிறிய விஷயங்கள்தான். பள்ளியில் இருந்தால் பத்தாம் வகுப்பு வரை சத்துணவு உண்டு. பணியிடத்தில் மதியம் என்ன சாப்பிடுவார்கள்? இலவசப் பஸ் பாஸ் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையில்தான் செல்லும். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் மாணவிகள் போய்விடுவார்கள், மாணவர்கள்? மூடிய காலணி இல்லாத பிள்ளையைப் பட்டறைக்குள் எப்படி விடுவது? விபத்துக் காப்பீட்டுப் பணத்தை யார் கட்டுவது? ஊர் ஊராகச் சுற்றும் ஆசிரியருக்குப் பயணப்படி உண்டா? நல்ல திட்டங்கள் பெரும்பாலும் இத்தகைய கேள்விகளுக்கு யாரும் பதில் சொல்லாததால் நின்றுபோகின்றன.

பட்டறை உரிமையாளருக்கும் நியாயமான அச்சம் ஒன்று உண்டு. கோவையில் ஆர்டருக்கு உதிரிபாகம் செய்துதரும் சிறு பட்டறைக்காரர் மனமுவந்து இடம் கொடுப்பார், ஆனால், "லேபர் ஆபீசர் வந்து, சீருடையோட நிக்கிற பையன் யாருன்னு கேட்டா நான் என்னங்க சொல்றது?" என்பார். பள்ளி ஏற்பாட்டில் வரும் மாணவர் பார்வையாளரே என்று தெளிவாகச் சொல்லும் அரசாணையும், தலைமையாசிரியர் கையெழுத்திட்ட கடிதமும் அவர் கையில் இருக்க வேண்டும்.

இடங்களை ஒதுக்குவதைப் பள்ளி தனியாகச் செய்யக் கூடாது. ஊராட்சி ஒன்றிய அளவில் செய்ய வேண்டும். ஒன்றியத்தில் உள்ள அரசு, உதவிபெறும், மெட்ரிக், சி.பி.எஸ்.இ. பள்ளிகள் அனைத்தின் ஒன்பதாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலும் ஒரே மேசைக்கு வர வேண்டும். பெற்றோரின் தொழிலை ஒரு காரணத்துக்காக மட்டும் பார்க்க வேண்டும்: அந்தத் தொழில் நடக்கும் இடத்தைத் தவிர்ப்பதற்காக. பரிந்துரைக் கடிதம் ஏற்கப்படக் கூடாது. எங்கள் பிள்ளையை இந்தக் கம்பெனிக்கு அனுப்புங்கள் என்று செல்வாக்குள்ள ஒருவர் தொலைபேசியில் கேட்பார். முடியாது என்று சொல்லும் அதிகாரம் அந்த மேசையில் இருப்பவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும்.

இந்த அறக்கட்டளையை நடத்தும் பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவை நீங்கள் நடத்துகிறீர்கள், அது நன்று. வரும் ஜனவரியில் ஒரே ஒரு ஒன்றியத்தை எடுத்துக்கொண்டு, அங்குள்ள ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் அனைவரின் மதிய உணவு, பேருந்துக் கட்டணம், காலணி, விபத்துக் காப்பீடு ஆகிய நான்கு செலவுகளையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஊரிலுள்ள தொழில் முனைவோர் சங்கமும் மருத்துவர்களும் வங்கியாளர்களும் இடம் தர முன்வர வேண்டும். தலைமையாசிரியர்கள் இன்றே தங்கள் பெயரை அமைப்பாளரிடம் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டுகிறேன். ஒதுக்கீட்டுப் பட்டியல் தயாரிக்கும் பணியை நானும் என் மாணவர்களும் ஊதியமின்றிச் செய்து தருகிறோம்.